மீன்தொட்டியின் ஓவர்ஃப்ளோ அமைப்பு: தேர்வும் நிறுவலும்

பெரிய மீன்தொட்டியின் மேல்மட்ட நீரைத் தானாக வழியவிட்டு, குழாய் வழியே கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடு ஓவர்ஃப்ளோ அல்லது வழிந்தோடி அமைப்பு எனப்படும். கீழே உள்ள தொட்டியைச் சம்ப் என்பர். அங்கு வடிகட்டப்பட்ட நீரை ஒரு மோட்டார் மீண்டும் மேல்தொட்டிக்கு ஏற்றும். கீழிறங்கும் நீர் புவியீர்ப்பால் இறங்குகிறது. மேலேறும் நீருக்கு மட்டுமே மின்சாரம் தேவை.

ஏரிக்குக் கலிங்கு செய்யும் வேலையைத்தான் மீன்தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ செய்கிறது. கலிங்கின் உச்சியைத் தாண்டிய நீர் தானே வெளியேறுவதால் ஏரியின் மட்டம் ஓர் எல்லைக்கு மேல் உயராது. கலிங்கு அடைபட்டால் கரை உடையும். வீட்டுத் தொட்டியில் அதே நிலை வந்தால் நீர் தரையிலும் மின் இணைப்புகளிலும் பாயும். ஆகவே நல்ல அமைப்பு என்பது சாதாரண நாளில் ஓசையின்றி ஓடுவது மட்டுமன்று. வடிகுழாய் அடைபடும் நாளிலும், மின்சாரம் நிற்கும் நாளிலும் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாதிருக்க வேண்டும்.

பயன்கள்

நீரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமும் தூசியும் உணவுத் துகளும் சேர்கின்றன. ஓவர்ஃப்ளோ மேற்பரப்பு நீரையே இழுப்பதால் இப்படலம் நீங்கி, காற்றிலுள்ள ஆக்சிசன் நீரில் எளிதாகக் கரைகிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது மேல்தொட்டியின் மட்டம் குறையாது. குறைவு சம்ப்பில்தான் தெரியும். ஹீட்டர், வடிகட்டி ஊடகங்கள் முதலியவற்றைச் சம்ப்பில் மறைத்து வைக்கலாம். மொத்த நீரளவும் கூடுவதால் நீரின் தன்மை சட்டென்று மாறாது.

வகைகள்

துளையிட்ட தொட்டி: தொட்டியின் பின்சுவரிலோ அடிப்பக்கத்திலோ துளையிட்டு, டேங்க் கனெக்டர் பொருத்தி, உட்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டி வைப்பது. நீர் பெட்டியின் விளிம்பைத் தாண்டி விழுந்து குழாய்க்குள் செல்லும். அடிப்பக்கத் துளையின் இணைப்பு கசிந்தால் பெட்டிக்குள் நிற்கும் நீர் முழுவதும் வெளியேறும். பின்சுவரில் மேலே இடும் துளை கசிந்தால் துளையின் மட்டம் வரையுள்ள நீர் மட்டுமே வெளியேறும். புதிதாகச் செய்வோருக்குப் பின்சுவர்த் துளையே பாதுகாப்பானது.

தொங்கும் பெட்டி: துளையிட முடியாத தொட்டிகளுக்கானது. விளிம்பின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு பெட்டிகளை வைத்து, தலைகீழ் ‘ப’ வடிவக் குழாயால் இணைப்பர். கேனிலிருந்து மண்ணெண்ணெயைக் குழாயால் உறிஞ்சி இறக்கும் அதே சைபன் முறையே இங்கும் செயல்படுகிறது. குழாயின் உச்சியில் காற்றுக் குமிழிகள் சேர்ந்தால் சைபன் அறுந்துவிடும். மோட்டாரோ நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். இந்த ஆபத்து இருப்பதால் பெரிய தொட்டிக்கு இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

வடிகுழாய் முறைகள்

ஒற்றைக் குழாய் முறை: பெட்டிக்குள் ஒரே நிமிர்குழாய். அதன் தலையில் கீழ்நோக்கி வளைந்த எல்போவும் காற்றுக்கு ஒரு சிறு துளையும் இருக்கும். இம்முறையைப் பரப்பிய அமெரிக்க மீன்வளர்ப்பாளரின் பெயரால் இது டர்சோ குழாய் எனப்படுகிறது. நீரும் காற்றும் கலந்து இறங்குவதால் கொள்ளளவு குறைவு. ஓரளவு ஓசையும் உண்டு. ஒரு நத்தையோ இலையோ குழாயை அடைத்தால் மாற்று வழி கிடையாது.

இரட்டைக் குழாய் முறை: முதல் குழாய் காற்றின்றி முழுவதும் நீரால் நிரம்பி ஓடும். அதன் அளவை ஒரு கேட் வால்வால் கட்டுப்படுத்துவர். இரண்டாவது குழாய் சற்று உயரமாக, அவசரத்திற்கென நிற்கும். ஆங்கிலத்தில் இது ஹெர்பி முறை எனப்படுகிறது. நிரம்பி ஓடும் குழாய், காற்று கலந்து ஓடும் அதே அளவுக் குழாயைவிடப் பலமடங்கு நீரை ஓசையின்றி இறக்கும்.

மூன்று குழாய் முறை: முதல் குழாய் நிரம்பி ஓடும். இரண்டாவதில் மிஞ்சிய சிறிதளவு நீர் மட்டும் காற்றுடன் இறங்கும். மூன்றாவது வறண்டு நிற்கும் அவசரக் குழாய். இரண்டாவது குழாயின் தலையிலிருந்து வரும் மெல்லிய காற்றுக்குழலின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். முதல் குழாய் அடைபட்டு நீர் உயர்ந்தால் இந்த வாய் மூழ்கி, காற்று நின்று, இரண்டாவது குழாயும் நிரம்பி ஓடத் தொடங்கும். பீன்அனிமல் முறை என்று அறியப்படும் இதுவே மூன்றிலும் பாதுகாப்பானது. 500 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு இரட்டைக் குழாயாவது இருப்பது நல்லது.

அளவைக் கணக்கிடுதல்

உட்புற அளவு 180 × 60 × 60 செ.மீ. கொண்ட ஆறடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஓவர்ஃப்ளோ விளிம்பு 55 செ.மீ. உயரத்தில் இருக்க, ஓடும்போது நீர்மட்டம் ஏறத்தாழ 56 செ.மீ. இருக்கும். அப்போது நீரளவு சுமார் 600 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு நான்கு முறை நீர் சுழல வேண்டுமானால் 2400 லிட்டர் ஓட்டம் தேவை. மோட்டார் பெட்டியில் அச்சிடப்பட்ட அளவு உயரமேற்றாத நிலைக்குரியது. ஒன்றரை மீட்டர் ஏற்றும்போது கிடைக்கும் அளவை அதன் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

விளிம்பின் நீளமும் முக்கியம். 40 செ.மீ. நீள விளிம்பில் மணிக்கு 2400 லிட்டர் வழிந்தால் நீர் விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 9 மி.மீ. தடிமனாக நிற்கும். விளிம்பு 120 செ.மீ. ஆனால் அது 4 முதல் 5 மி.மீ. வரையே இருக்கும். படலம் மெலியும் அளவுக்கு மேற்பரப்பு நன்கு சுத்தமாகும். சிறு மீன்கள் நுழையாதிருக்கச் சீப்புப் பல் வைத்தால், பற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்தே நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

மின்தடையின்போது நடப்பது

மோட்டார் நின்றதும் விளிம்புக்கு மேலுள்ள நீர் சம்ப்புக்கு இறங்கும். அதோடு நீரேற்றும் குழாயும் சைபனாக மாறி, தன் வாய் காற்றில் தெரியும் வரை தொட்டி நீரைக் கீழே இழுக்கும். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நமது தொட்டியில் 1 செ.மீ. நீர் என்பது 10.8 லிட்டர். ஏற்றுக்குழாயின் வாய் மட்டத்திலிருந்து 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 32 லிட்டர் இறங்கும். 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 108 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் மேலும் சில லிட்டர் சேரும்.

சம்ப்பின் அளவு 90 × 40 × 40 செ.மீ. என்றும், ஓடும்போது அதில் 22 செ.மீ. நீர் இருப்பதாகவும் கொண்டால், எஞ்சிய இடம் சுமார் 65 லிட்டர். முதல் நிலையில் நீர் அடங்கும். இரண்டாம் நிலையில் 40 லிட்டருக்கு மேல் தரைக்கு வரும். மோட்டாரும் சம்ப்பும் ஒன்றே; குழாய் வாய் 7 செ.மீ. கீழே இருப்பது மட்டுமே வேறுபாடு.

இதைத் தடுக்க ஏற்றுக்குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 அல்லது 4 மி.மீ. துளை ஒன்று இடுவர். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறும். பாசி அடைக்காமல் துளையை அவ்வப்போது குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பக்கூடாது. ஒரு மணல் துகளோ நத்தை ஓடோ சிக்கினால் அது முழுவதும் மூடாது.

வடிகுழாய் அடைபடும்போது நடப்பது

எல்லா வடிகுழாய்களும் அடைபட்டால் மோட்டார் தன் அறையிலுள்ள நீரை முழுவதும் மேலே ஏற்றிவிடும். அந்த நீர் மேல்தொட்டியின் காலி இடத்துக்குள் அடங்க வேண்டும். மோட்டார் அறை 30 × 40 செ.மீ., நீர் 22 செ.மீ. எனில் அது சுமார் 26 லிட்டர். மேல்தொட்டியில் மீதமுள்ள 4 செ.மீ. இடத்தில் 43 லிட்டர் கொள்ளும். எனவே நீர் சிந்தாது. ஆவியான நீரை ஈடுசெய்யும் தானியங்கிக் கருவி இருந்தால், அதன் கொள்கலனிலுள்ள நீரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். அதை நேரடியாக வீட்டு மேல்நிலைத் தொட்டிக் குழாயுடன் இணைப்பது ஆபத்தானது.

நிறுவும் முறை

1. கண்ணாடி வகையை உறுதி செய்தல்: டஃபன்ட் கண்ணாடியில் துளையிட முடியாது, சுக்குநூறாக உடைந்துவிடும். சில தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் டஃபன்ட் வகையாக இருக்கும். தொட்டி செய்தவரிடம் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். புதிய தொட்டியெனில் ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடிக் கடையில் துளையிட்டு வாங்குவது எளிது.

2. இடம் குறித்தல்: டேங்க் கனெக்டரைக் கையில் வைத்து அளந்த பிறகே துளையின் அளவை முடிவு செய்ய வேண்டும். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது ஒரு துளை விட்ட அளவு இடைவெளி விடுவது வழக்கம். அதுவே இரு துளைகளுக்கு இடையிலும் பொருந்தும்.

3. துளையிடுதல்: வைரத்துகள் பூசிய வட்ட பிட்டை மெதுவான வேகத்தில் இயக்க வேண்டும். டிரில் மெஷினின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வெட்டுமிடத்தில் இடைவிடாது நீர் ஊற்றுவதும், கைகளின் எடை அழுந்தாமல் பார்ப்பதும் அவசியம். மறுபுறம் டேப் ஒட்டினால் வெட்டிய துண்டு விழாது. கடைசி ஓரிரு மி.மீ. மிக மெதுவாகச் செல்ல வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், நீரும் மின்கருவியும் அருகருகே இருப்பதால் நீர் மெஷினில் தெறிக்காமல் காப்பதும் முக்கியம்.

4. கனெக்டர் பொருத்துதல்: ரப்பர் வாஷர் அகன்ற தலைப்பகுதிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வர வேண்டும், நட்டின் பக்கம் அல்ல. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று போதும். ஸ்பேனரால் முறுக்கினால் கண்ணாடி விரிசல் காணும்.

5. பெட்டியை ஒட்டுதல்: பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத தூய சிலிக்கோன் பயன்படுத்த வேண்டும். குளியலறைக்கென விற்பவற்றில் பெரும்பாலும் அம்மருந்து இருக்கும். பல நாட்கள் உலரவிட்டு, புளித்த வாடை முற்றும் போன பின்பே நீர் நிரப்ப வேண்டும்.

6. குழாய் இணைத்தல்: கேட் வால்வை முதல் குழாயின் கீழ்ப்பகுதியில், கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். அக்குழாயின் முனை சம்ப் நீரில் 2 செ.மீ. அளவே மூழ்கலாம், ஆழமாக மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. அவசரக் குழாயில் வால்வே கூடாது. அதன் முனை நீருக்கு மேலே இருந்தால், நீர் விழும் சத்தமே எச்சரிக்கை மணியாகும். பின்னர் கழற்றிச் சுத்தம் செய்ய யூனியன் வைத்து இணைப்பது நல்லது.

மீன் விடுவதற்கு முன் சோதனை

தொட்டியில் வெறும் நீர் நிரப்பி நான்கு சோதனைகள் செய்ய வேண்டும். முதலில், ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு இணைப்புகளில் உலர்ந்த தாளை வைத்துக் கசிவு பார்ப்பது. இரண்டாவது, கேட் வால்வை முழுவதும் மூடி, எஞ்சிய குழாய்கள் மொத்த நீரையும் தாங்குகின்றனவா எனக் காண்பது. மூன்றாவது, பிளக்கைப் பிடுங்கி, சம்ப் மட்டம் எங்கே நிற்கிறது எனப் பார்ப்பது. நான்காவது, மீண்டும் இயக்கி, யாரும் தொடாமலே ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா எனக் கவனிப்பது. நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது வால்வைத் திருப்ப யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

நான்கும் சரியாக அமைந்ததும், ஓடும்போதுள்ள சம்ப் மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு, ‘இதற்கு மேல் நீர் ஊற்றாதே’ என்று எழுதி வைக்கலாம். வீட்டில் வேறொருவர் நீர் ஊற்றும் நாளில் அது உதவும். மின்வயர்கள் பிளக்குக்கு நேராகச் செல்லாமல், ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் வழியே இணைப்பு தருவது உயிர்காக்கும்.

பராமரிப்பு

சீப்புப் பற்களை வாரம் ஒருமுறையும், சைபன் அறுக்கும் துளையை மாதம் ஒருமுறையும் சுத்தம் செய்ய வேண்டும். கேட் வால்வை மூடும் சோதனையையும் பிளக்கைப் பிடுங்கும் சோதனையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அவசரக் குழாய் எப்போதும் வறண்டே கிடப்பதால், அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தாலும் வெளியே தெரியாது.