சேக்காட்டு மந்தையும் சென்னைச் சந்தையும்

தை அறுவடை முடிந்ததும் சேக்காட்டு வயல்களில் கிடை கட்டுவார்கள். ஆவடியைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலம் அது. பகலில் தாள் மேய்ந்த செம்மறிகளை இரவு அதே வயலில் படல் சாத்தி அடைப்பார்கள். மறுநாள் படல் கொஞ்சம் தள்ளிப் போகும். இப்படி வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய பிறகுதான் மந்தை அடுத்த வயலுக்கு நகரும். அதற்கு நிலக்காரர் நெல்லாகவோ காசாகவோ கூலி கொடுப்பார். ஆட்டுக்காரரின் அன்றாடச் செலவு அந்தக் கிடைக்கூலியில் ஓடிவிடும். கல்யாணம், வைத்தியம் என்று மொத்தமாகப் பணம் தேவைப்படும்போதுதான் கிடாவைச் சந்தைக்கு ஓட்டுவார்.

கோடையில் ஏரி வற்றினால் உள்வாயில் கோரையும் அறுகும் முளைக்கும். ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பினால் மந்தை மேட்டு நிலத்துக்கு ஏறும். வருஷம் முழுக்க ஏதோ ஒரு இடத்தில் புல் இருந்தது. அதற்கு விலை இல்லை. அந்தக் காலத்து ஆடு வளர்ப்பின் லாபக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது.

அப்படி மேய்ந்தது வேறெங்கிருந்தோ வந்த ஆடு அல்ல. கால்நடைத் துறை 'மெட்ராஸ் ரெட்' என்று பெயரிட்டிருக்கும் சென்னைச் சிவப்பு செம்மறி, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தின் சொந்த இனம். கம்பளி கிடையாது, குட்டை முடிதான். வளர்ந்த கிடா 35 கிலோ அளவுக்கு வரும், பெட்டை 23 கிலோ. பெரிய உடம்பு இல்லை என்றாலும் இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகியது. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இந்த இனத்தில் நல்ல பொலிகிடாக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவருகிறது. நகரம் விரிந்த வேகத்தில் இந்த ஆடு முற்றிலும் கரைந்துபோகாமல் இருப்பதற்கு அந்த வேலை ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் வந்தது. அதற்குப் பிறகும் மந்தைகள் இருந்தன. தொழிற்சாலை எடுத்த நிலம் போக மிச்ச நிலத்தில் விவசாயம் நடந்துகொண்டுதான் இருந்தது. மேய்ச்சலை முடித்தது மனைப் பிரிவு. ஏக்கரில் பேசிய நிலத்தைக் கிரவுண்டில் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வயல் தரிசானது, தரிசில் கல் நட்டார்கள், கல்லுக்குப் பின்னால் வீடு வந்தது. ஏரிக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்கள் தெருக்களாயின. வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரியைத் தொட்டது. 2019ல் ஆவடி மாநகராட்சியானது. 2024 நவம்பரில் பக்கத்துப் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று சேக்காட்டுப் பக்கம் செம்மறியைப் பார்த்தால் அது காலி மனையிலோ, தண்டவாள ஓரத்திலோ, ஏரிக்கரையிலோதான் நிற்கும். குப்பையோடு பாலித்தீன் பையையும் தின்றுவிட்டு வயிறு உப்பிச் சாகிற ஆடுகள் உண்டு. கிடைக்கு ஆடு கேட்க வயல்காரரும் இல்லை.

விற்கிற முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் வியாபாரி கிடாவின் முதுகில் கையை வைப்பார். தண்டெலும்பின் இரண்டு பக்கமும் விரலை அழுத்தி, எலும்பு குத்துகிறதா சதை மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வாலடியைப் பிடிப்பார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். விலையை வாயால் சொல்ல மாட்டார். துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். கறி எத்தனை கிலோ விழும் என்று அவர் மனதில் போட்ட கணக்கு ஆட்டுக்காரருக்குத் தெரியாது. ஏமாந்தது பெரும்பாலும் ஆட்டுக்காரர்தான். இப்போது தராசில் நிறுத்தி உயிர் எடைக்கு விலை பேசுகிறார்கள். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி விழும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த கணக்கு. இது ஆட்டுக்காரருக்குக் கிடைத்த உண்மையான நன்மை.

சந்தை நிலவரம் என்று கேட்டால், கறிக்குக் கிராக்கி குறையவே இல்லை. சென்னையில் ஆட்டுக்கறி கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. ஆடி மாதக் கூழ்த் திருவிழா, தீபாவளி, பக்ரீத், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசியில் மட்டும் கொஞ்சம் தளரும். ஆனால் 2012க்கும் 2019க்கும் இடையில் தமிழ்நாட்டில் செம்மறிகளின் எண்ணிக்கை சுமார் 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. அதே காலத்தில் வெள்ளாடு 81 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 99 லட்சமானது. வெள்ளாட்டை வாசலில் கட்டி, வேலியில் ஒடித்த தழையைப் போட்டு வளர்த்துவிடலாம். செம்மறிக்குத் தரையில் புல் வேண்டும், கூட்டம் வேண்டும், நடக்க இடம் வேண்டும்.

அந்தக் குறையை வெளி மாநில ஆடுகள் நிரப்புகின்றன. தெலங்கானா அரசு 2017ல் 75 சதவீத மானியத்தில், இருபது பெட்டைக்கு ஒரு கிடா என்று ஆட்டுக்காரக் குடும்பங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2019 கணக்கெடுப்பில் அங்கே 1 கோடியே 91 லட்சம் செம்மறிகள், நாட்டிலேயே முதலிடம். ஆந்திரத்திலிருந்து லாரி லாரியாக ஆடு சென்னைக்கு வருகிறது. ராஜஸ்தானிலிருந்து கறியாகவே ரயிலில் வருகிறது. 2018 நவம்பரில் எழும்பூரில் பிடிபட்ட சுமார் 2,000 கிலோ கறியை நாய்க்கறி என்று ஊரே பேசியது. சோதித்துப் பார்த்ததில் ஆட்டுக்கறிதான் என்று தெரிந்தது. ஜோத்பூர்ப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் கறி வர வேண்டிய நிலைக்குச் சென்னை வந்துவிட்டதே என்பதுதான் எனக்கு அன்று உறைத்தது.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கறிக்கடைக்காரரின் லாபமே தோல்தான் என்பார்கள். பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்கும் அங்கிருந்து தோல் பதனிடும் ஊர்களுக்கும் அது போகும். செயற்கைத் தோல் பெருகி, ஏற்றுமதி தளர்ந்த பிறகு செம்மறித் தோல் அடிமாட்டு விலைக்குக்கூடப் போவதில்லை. அந்த இழப்பும் கறி விலையில்தான் ஏறுகிறது.

இன்று சேக்காட்டில் ஒருவர் பத்துக் கிடாக்குட்டி வாங்கிக் கொட்டிலில் வளர்த்தால் என்ன கிடைக்கும்? நல்ல தீனியில் குட்டி நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் எடை கூடும். 100 நாளில் எட்டு முதல் பத்துக் கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் குட்டிக்கு 3,200 முதல் 4,000 ரூபாய் கூடுதல் வரவு. அடர்தீவனம் தினம் 300 கிராம், கிலோ 30 ரூபாய் என்றால் 900 ரூபாய் போகும். பசுந்தீவனம் தினம் மூன்று கிலோ, கிலோ நான்கு ரூபாய்க்கு வாங்கினால் இன்னொரு 1,200. ஒரு குட்டி செத்தால் மீதிக் குட்டிகளின் லாபத்தில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். வேலிமசாலும் அகத்தியும் சொந்தமாகப் போட அரை ஏக்கர் உள்ளவருக்கே இந்தத் தொழில் நிற்கும்.

நோய்க்கு மட்டும் இன்று நல்ல பதில் இருக்கிறது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1987ல், அன்றைய தென்னார்க்காட்டு அரசூரில். அதே ஊர்க் கிருமியிலிருந்து நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. மந்தை மந்தையாக அழிந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மழைக்காலத்து நீலநாக்கு நோய்க்கு இன்னும் கவனம் தேவை.

மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கம் 2021ல் 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு 50 லட்சம் வரை மானியம் அறிவித்தது. பின்னர் நூறு பெட்டையிலிருந்தும் தொடங்கலாம் என்றானது. நல்ல திட்டம்தான், ஆனால் நூறு ஆட்டுக்கு நிலம் வைத்திருப்பவர் இந்த வட்டாரத்தில் யார்? இங்கே தேவைப்படுவது, வருவாய்க் கணக்கில் இன்னும் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் நிலங்களை அளந்து, கல் நட்டு, ஆட்டுக்காரர் கையில் விடுவது. பூங்காவுக்கு நிலம் தேடும்போது காட்டுகிற அக்கறையை மாநகராட்சி இதற்கும் காட்ட வேண்டும்.

ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னேறும் பக்ரீத், 2030ல் ஏப்ரல் நடுவில் வரும். 100 நாள் வளர்ப்புக்கு ஜனவரி முதல் வாரம், ஒரு வயதை நெருங்கும் குட்டியைக் கட்டினால் போதும். வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரத்தில் ஏரிக்கரையெல்லாம் புல் நிற்கிற மாதம் அது. பல் போட்டு, கொம்பு உடையாமல், ஊனம் இல்லாத உள்ளூர்க் கிடாவைக் குர்பானிக்குத் தேடி ஆவடி, அம்பத்தூர்க் குடும்பங்கள் நேரிலேயே வந்து வாங்கும். லாரி வாடகையும் தரகும் இல்லை. பத்துக் கிடா வளர்க்கிறவருக்குச் சந்தை இங்கே நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.