அன்று 13 மணிநேர வெட்டு, இன்று நிறுத்தச் சொன்ன சோலார்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. நாட்டை ஏ, பீ, சீ என்று வலயங்களாகப் பிரித்து நேர அட்டவணை போட்டார்கள். கரண்ட் இருக்கும் பொழுதுக்குள் தண்ணீர் இறைக்க வேண்டும், மா அரைக்க வேண்டும், போனைச் சார்ஜில் போட வேண்டும். பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள்.

டொலர் இல்லை, அதனால் டீசல் இல்லை என்றது அரசு. உண்மைதான். ஆனால் அந்த நிலைக்கு வந்துசேரப் பல வருடங்கள் பிடித்தன. 1990களின் நடுப்பகுதி வரை லக்சபானவும் மகாவலியும் தந்த நீர்மின்சாரமே நாட்டைப் பெரும்பாலும் தாங்கியது. 1996இல் மழை பொய்த்தபோது நீண்ட மின்வெட்டு வந்தது. ஆற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1980களிலிருந்து பேசப்பட்ட நிலக்கரி மின்நிலையமோ நுரைச்சோலையில் 2011இல்தான் இயங்கத் தொடங்கியது. இடையில் அவசரத்துக்கு எண்ணெய் எரித்தார்கள். சுன்னாகத்தில் எண்ணெய் மின்நிலையத்துக்கு அருகே கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து, சனங்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்ததும் இந்த எண்ணெய் மின்சாரத்தின் விலைதான்.

இன்னொரு தவறு கட்டணத்தில். 2014இல் குறைத்ததை 2022 ஆகஸ்ட் வரை கூட்டவே இல்லை. பிறகு ஒரேயடியாகச் சராசரி 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப்போட்ட பாரம் முழுவதும், வேலையும் வருமானமும் இழந்து நின்ற குடும்பங்களின் தலையில் ஒரே நேரத்தில் விழுந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று கூரைகளில் சோலார் பனல்கள் நிறைந்திருக்கின்றன. அது நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதும் நாடு முழுவதும் கரண்ட் போனது. விடுமுறை நாள், தேவை குறைவு. சோலார் உற்பத்தி உச்சத்தில். பெரிய மின்நிலையங்களின் கனமான சுழலிகள் குறைவாக ஓடும் அந்த நேரத்தில், ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் பலம் வலையமைப்புக்கு இருக்கவில்லை. பற்றரி இல்லாமல் பனல் போட்ட வீடுகளிலும் மின்விசிறி நின்றது. வலையமைப்பு விழுந்தால் அவற்றின் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். நுரைச்சோலையை உடனே திருப்பி இயக்க முடியாததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர வெட்டும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2022இல் வாங்கக் காசில்லாத மின்சாரம், 2025இல் வைக்க இடமில்லாத மின்சாரம். பனல் போடச் சொல்லி 2016இலிருந்து ஊக்கம் கொடுத்தவர்கள், பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பெரிய பற்றரிகளுக்கும் அன்றே திட்டம் போட்டிருக்க வேண்டும். அந்த வேலையை இனியும் அடுத்த அரசுக்கு விட்டுவைத்தால், கடன் எடுத்துப் பனல் பூட்டிய குடும்பங்களே முதலில் அடிபடும்.