வேர், இலை, விளம்பரம் – 9: நெருஞ்சில் ஏற்றுமா, அதிமதுரம் இறக்குமா?

போன வாரம் தூள், கஷாயம், எக்ஸ்ட்ராக்ட் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தோம். ஜிம்முக்குப் போகும் பையன்களின் பையில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. டப்பாவைத் திருப்பினால் ‘ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்’ என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே சாப்போனின் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். தரிசில் தரையோடு படர்ந்து, ஐந்து இதழில் மஞ்சளாகப் பூத்து, ரப்பர் செருப்பையும் துளைத்துக் காலைப் பதம் பார்க்குமே, அதே நெருஞ்சில்தான்.

நாட்டு வைத்தியத்தில் நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்றால் முதலில் தேடுவது இதைத்தான். ஆண்மைக்கும் கொடுப்பதுண்டு. ஆனால் ‘டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும்’ என்ற வாசகம் பல்கேரியாச் சரக்கு. அங்கே நெருஞ்சில் சாற்றிலிருந்து ‘ட்ரைபெஸ்டான்’ என்ற மாத்திரை தயாரானது. 1980-களில் அந்நாட்டுப் பளுதூக்கும் வீரர்கள் பதக்கங்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். விற்பவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்த அணியின் இரண்டு தங்கங்கள் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோய், மீதிப் போட்டிகளிலிருந்து அணியே விலகிய கதையை விளம்பரத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

நெருஞ்சிலில் உள்ள புரோட்டோடயோசின் என்ற பொருள் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது எல்.எச். ஹார்மோனைக் கூட்டும், அது விரைகளை முடுக்கிவிடும் என்பது வாதம். ஆதாரமே இல்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், நெருஞ்சில் சாறு கொடுத்த குரங்குகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தது உண்மை. ஆனால் குரங்குகளுக்கு அதை ஊசி வழியாக நேரே ரத்தநாளத்தில் ஏற்றியிருந்தார்கள். நாம் மாத்திரையை விழுங்குகிறோம். குடலையும் கல்லீரலையும் தாண்டி எவ்வளவு மிஞ்சும் என்பது தனிக் கணக்கு.

மனிதரிடம் சோதித்துப் பார்த்ததும் பல்கேரியாக்காரர்களேதான். 20 முதல் 36 வயது வரையுள்ள 21 ஆண்கள், நான்கு வாரம், சிலருக்கு நெருஞ்சில், சிலருக்கு வெற்று மாத்திரை. டெஸ்டோஸ்டிரோனிலும் எல்.எச்.சிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை என்று 2005-ல் எழுதினார்கள். 2007-ல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்கள் 22 பேரிடம், தினம் 450 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் பார்த்தார்கள். நெருஞ்சில் சாப்பிட்டவர்களுக்குப் பலம் கூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு கூடியது! ஐந்து வாரம் முறையாகப் பயிற்சி செய்தால் கூடத்தானே செய்யும்? ‘எனக்கு வேலை செஞ்சுது ப்ரோ’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பெயர் மட்டும் டப்பாவுக்குப் போகிறது. இன்னொன்று: ஆண்மைக்கென்று விற்கும் ‘இயற்கை’ மாத்திரைகளில் சில்டெனாஃபில் போன்ற மருந்தைச் சொல்லாமல் கலப்பதை அமெரிக்க எஃப்.டி.ஏ. பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது.

இனி அதிமதுரம். தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறோம். ஹார்மோன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1999-ல் இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர்கள் ஏழு ஆண்களுக்குத் தினம் 7 கிராம் அதிமதுரத் தயாரிப்பை ஒரு வாரம் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. 2001-ல் வேறொரு குழு இதைத் திரும்பச் செய்து, அப்படி ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை என்று ‘லான்செட்’ இதழில் எழுதியது. 2003-ல் பதுவாக்காரர்கள் 25 பேரிடம் பார்த்துவிட்டு, இறங்கத்தான் செய்கிறது என்றார்கள். சின்னச் சின்னச் சோதனைகள். இந்த வழக்கில் தீர்ப்பு எழுத அவை போதாது.

இந்தச் சண்டையின் சத்தத்தில், சண்டையே இல்லாத விஷயம் ஒன்று காதில் விழாமல் போகிறது. கார்ட்டிசோல் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் ஒரு என்சைம் அடக்கி வைக்கிறது. அதிமதுரத்தின் கிளிசிரைசின் அந்த என்சைமைத் தடுத்துவிடும். அடக்க ஆளில்லாத கார்ட்டிசோல், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யத் தொடங்கும். உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும், கால் வீங்கும், பி.பி. ஏறும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர், அதிமதுரம் சேர்ந்த கறுப்பு மிட்டாயைச் சில வாரம் தினம் ஒன்றரைப் பாக்கெட் தின்று, இதயம் நின்று இறந்துபோனதை 2020-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பவர் பயப்பட வேண்டியதில்லை. பி.பி. மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர், மாதக்கணக்கில் அதிமதுரப் பொடி சாப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஆக, மூலிகை ஹார்மோனைத் தொடுமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடையாது. எந்த மூலிகை, எந்த ஹார்மோன், வாய் வழியா ஊசியா, எலிக்கா மனிதருக்கா, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சந்தேகம் இருந்தால் டப்பா வாங்கும் முன் காலையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் அது தானாகவே இறங்கும். ஒருமுறை குறைவாக வந்தாலும் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

அடுத்த வாரம் அமுக்கரா. உலகமே அஸ்வகந்தா என்று கொண்டாடும் வேரை டென்மார்க் 2023-ல் தடை செய்தது. தைராய்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்கலாம்.

(தொடரும்)