சர்க்கரையை மின்னோட்டமாக மாற்றிய நொதி

இரத்தத்தில் கரைந்திருக்கும் எண்ணற்ற பொருள்களுள் குளுக்கோஸை மட்டும் பிரித்தறியும் ஆற்றல் உலோகக் கம்பிக்கு இல்லை. அதைப் பிரித்தறியும் நொதிக்கோ, அதாவது ஒரு குறிப்பிட்ட வேதிவினையை மட்டும் விரைவுபடுத்தும் புரதத்துக்கோ, அளவை வெளிப்படுத்தும் வழி இல்லை. இவ்விரண்டையும் இணைத்தால் குறை தீரும் என்பதை அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸுடன் சேர்ந்து 1962இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்தார்.

கருவியின் பாதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க அவர் உருவாக்கி, 1956இல் வெளியிட்ட மின்முனையில், ஆக்சிஜன் ஊடுருவக்கூடிய பாலித்தீன் படலம் பிளாட்டினத்தை மூடியிருக்கும், ஏறத்தாழ 0.6 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தில் வைக்கப்பட்ட அந்தப் பிளாட்டினத்திலிருந்து ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ள, அதன் அளவுக்கேற்ற மின்னோட்டம் பாயும். இதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியை மெல்லிய அடுக்காகப் பரப்பி இன்னொரு படலத்தால் மூடினால், உள்ளே நுழையும் குளுக்கோஸ் அங்குள்ள ஆக்சிஜனைச் செலவழித்துக் குளுக்கோனிக் அமிலமாக மாறும். உடன்விளைபொருளாக ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். குளுக்கோஸ் கூடக்கூட மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவைக் கொண்டே சர்க்கரையின் அளவு கணிக்கப்பட்டது.

இம்முறையின் இடரும் இங்கேதான் இருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு நிலையாக இருப்பதில்லை என்பதால், மாதிரியிலேயே ஆக்சிஜன் குறைந்திருந்தாலும் சர்க்கரை மிகுந்திருப்பதாகக் கருவி காட்டிவிடக்கூடும். 1967இல் அப்டைக், ஹிக்ஸ் ஆகிய இருவரும் நொதியைப் பாலிஅக்ரிலமைடுக் கூழுக்குள் நிலைநிறுத்தியதோடு, இரு மின்முனைகளுள் ஒன்றில் மட்டும் செயல்திறனுள்ள நொதி இருக்குமாறு அமைத்து, இரண்டின் மின்னோட்டங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்தனர். ஆக்சிஜனின் ஏற்றத்தாழ்வு இரண்டையும் ஒன்றுபோலப் பாதிப்பதால், அது கழிந்து குளுக்கோஸின் விளைவு மட்டும் எஞ்சியது. தொடக்ககால ஆய்வுகளுள் மிக நுட்பமான தீர்வு இதுவே எனலாம்.

செலவாகும் ஆக்சிஜனை விட்டுவிட்டு, உண்டாகும் பெராக்சைடையே அளக்கும் வழியை 1973இல் கில்போ, லுப்ரானோ ஆகியோர் காட்டினர். பிளாட்டினத்துக்கு இப்போது நேர் மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. பெராக்சைடு தன் எலக்ட்ரான்களை அதற்கு விட்டுக்கொடுக்க, குளுக்கோஸ் இல்லாதபோது ஏறத்தாழச் சுழியமாக இருக்கும் மின்னோட்டம் அதன் அளவுக்கேற்ப உயர்கிறது. ஆனால் அதே மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாரசிட்டமால் ஆகியவையும் எலக்ட்ரான்களை இழந்து பொய்யான மிகையளவைத் தரும் என்பதால், சிறிய மூலக்கூறான பெராக்சைடை மட்டும் எளிதில் கடக்கவிடும் செல்லுலோஸ் அசிடேட் படலம் பிளாட்டினத்தின்மேல் பொருத்தப்பட்டது. இந்த அடிப்படையில் ஓஹையோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பகுப்பாய்வுக் கருவிக்கு 25 மைக்ரோலிட்டர் இரத்தமே போதுமானதாக இருந்தது.