நாய்க்குட்டிகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஃபுளோரிடா மாநிலத்தின் சுகாதார இலாகா, அந்நாட்டு மத்திய அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையத்துக்கு ஒரு செய்தி அனுப்பியது. கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியா தொற்றி வயிற்றுப்போக்கினால் வருந்திய ஆறு பேர், நாய்க்குட்டிகளை விற்பனை செய்யும் ஒரே கம்பெனியின் கடைகளோடு தொடர்புடையவர்களாகக் காணப்பட்டனர் என்பதே அச்செய்தி. விசாரணை விரிந்தது. 2016 ஜனவரி முதல் 2018 பிப்ரவரி வரையில் 18 மாநிலங்களில் 118 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் 29 பேர் கடைச் சிப்பந்திகள். 26 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தபோதுதான் விஷயத்தின் கடுமை விளங்கிற்று. இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அஸித்ரோமைஸின், ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் ஆகிய மருந்துகளுக்கு அவை அடங்கவில்லை, டெட்ராஸைக்ளினுக்கும் அடங்கவில்லை. காரணத்தை நாடிய ஆராய்ச்சியாளர்கள், கடைக்கு வந்த நாய்க்குட்டிகளின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினர். பார்வையிட்ட 149 குட்டிகளுள் 142 குட்டிகள் ஒரு முறையேனும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொண்டிருந்தன. அந்த 142இல் 78 குட்டிகளுக்கு நோயைத் தீர்ப்பதற்காக மருந்து கொடுக்கப்படவில்லை. நோய் வராதிருக்க வேண்டுமென்று முன்கூட்டியே புகட்டப்பட்டிருந்தது. பல இடங்களில் பிறந்த குட்டிகளைத் திரட்டி, நெடுந்தூரம் கொண்டுசென்று விற்கும் வியாபாரத்தில் ஒரு குட்டி நோயுற்றாலும் நஷ்டமே. அந்த நஷ்டத்துக்கு அஞ்சியவர்கள் மருந்தைக் காவலாக நிறுத்தினார்கள்.

இதைக் கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. விலை கொடுத்து நாய்க்குட்டி வாங்கி வளர்க்கும் வழக்கம் நம் நகரங்களில் பெருகியிருக்கிறது. குட்டி இருமினாலும், கழிந்தாலும், சொறிந்தாலும் ஒரு மாத்திரை என்ற பழக்கமும் கூடவே வளர்ந்துள்ளது. இதை எழுதுபவனும் இக்குற்றத்துக்கு விலக்கல்லன். குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அமாக்ஸிஸிலின் மாத்திரைகளை, தோலில் புண் கண்ட வீட்டு நாய்க்கு மூன்று நாள் கொடுத்ததுண்டு. புண் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்பதைப் பின்னர் கூறுவோம்.

மருந்து கிருமியிடத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறன்று. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்ல சில முன்பே இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றை அழித்து, அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பயிரையும் களையையும் ஒருசேரக் கருக்கும் மருந்தைத் தெளித்து, அதற்கு மடியாத கோரையை மட்டும் விட்டுவைத்தால், அடுத்த பருவத்தில் வயல் முழுவதும் கோரையாகவே இருக்குமன்றோ? மேலும், தோலுக்கென்று கொடுக்கும் மாத்திரை தோலை மட்டும் சென்றடைவதில்லை. குடலில் வாழும் எண்ணிறந்த பாக்டீரியாக்களும் அதே மருந்தைச் சந்திக்கின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவை மலத்தோடு வெளிவந்து தரையிலும், நாயின் மயிரிலும், நாயைத் தடவும் குழந்தையின் கையிலும் சேர்கின்றன. அமெரிக்கக் கடைகளில் நிகழ்ந்ததும் இதுவே.

சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று நாம் மொழிபெயர்த்து வழங்குவது முற்றும் பொருந்துவதன்று. டாக்ஸிஸைக்ளின் போன்ற சில மருந்துகள் பாக்டீரியாவைப் பெரும்பாலும் கொல்வதில்லை; பெருகவொட்டாமல் நிறுத்திவைக்கின்றன. எஞ்சிய வேலையை உடலின் வெள்ளணுக்களே செய்து முடிக்கின்றன. வைரஸைப் பொறுத்தமட்டில் இம்மருந்துகள் கொல்வதுமில்லை, நிறுத்துவதுமில்லை.

நாய்களுக்கு இம்மருந்துகள் மிகுதியாகக் கொடுக்கப்படுவதற்குத் தோல் நோய் ஒரு முக்கிய காரணம். நாயின் தோலிலும் மூக்கிலும் ஸ்டஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியா தீங்கு செய்யாமல் குடியிருந்து வருகிறது. 2005ஆம் ஆண்டில்தான் இது தனி இனமாகப் பெயர் பெற்றது. தெள்ளுப்பூச்சி கடித்தோ, சொறிப்பூச்சி துளைத்தோ, ஒவ்வாமையினால் அரிப்பெடுத்தோ தோல் கெடும்போது, இதுகாறும் அடங்கியிருந்த இக்கிருமி பெருகிச் சீழ்க் கொப்புளங்களை உண்டாக்குகிறது. தக்க மாத்திரை கொடுத்தால் கொப்புளம் ஆறும். ஆனால் தெள்ளு போகாது. சில வாரங்களில் கொப்புளம் திரும்பும், மாத்திரையும் திரும்பும். இவ்வாறு ஒரே நாய் ஓராண்டில் நான்கைந்து முறை மருந்துண்ணும் நிலை ஏற்படுகிறது. இக்கிருமியின் பல வகைகள் பெனிசிலினைச் சிதைக்கும் என்ஸைமைச் சுரக்கவல்லவை. ஆகவேதான் தனி அமாக்ஸிஸிலின் இதனிடம் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. இதனினும் கொடிய வகை ஒன்று கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளிலும் பரவியுள்ளது. மெக்-ஏ என்னும் மரபணுவைப் பெற்றுள்ள அவ்வகை, மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய புரதத்தையே மாற்றி அமைத்துக்கொள்கிறது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளோடு, நாய்களுக்குப் பெரிதும் பயன்பட்டுவந்த செஃபலெக்ஸினும் அதன்முன் பயனற்றுப் போகிறது.

எனவே மேலோட்டமான தோல் புண்ணுக்கு முதலில் மாத்திரையை நாடாமல், குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்பூவினால் நாயைக் குளிப்பாட்டுவதே சிறந்தது என்று நிபுணர்கள் இப்போது கூறுகின்றனர். நுரை பத்து நிமிஷம் தோலில் இருக்க வேண்டும். உடனே அலசிவிடுவோர் மருந்தையும் உழைப்பையும் வீணாக்குகின்றனர். புண்ணின் கசிவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்த்தால் பாக்டீரியா உண்டா, அல்லது பூஞ்சையா என்பது சில நிமிஷங்களில் புலப்படும். இச்சிறு சோதனையால் தவிர்க்கப்படும் மாத்திரைகள் அநேகம்.

இருமலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். குட்டிகள் கூடுமிடங்களில் பரவும் தொற்று இருமல் பல சமயங்களில் வைரஸினால் வருவது. நாய் நன்றாகத் தின்று, சுறுசுறுப்பாக, காய்ச்சலின்றி இருக்குமானால் பத்து நாள் வரை மருந்தின்றிக் கவனிக்கலாம் என்பது 2017இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல். அவ்வாறே, சாதாரணமான திடீர் வயிற்றுப்போக்குக்கு நீர்ச்சத்தும் எளிய ஆகாரமுமே மருந்து. இரத்தம் கலந்து போயினும், கிருமி இரத்தத்தில் புகுந்ததற்கான அறிகுறிகள் இல்லாவிடில், நுண்ணுயிர்க்கொல்லியால் பெரும் பயன் விளைவதில்லை. ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கால்நடை வைத்தியரேயன்றி நாமல்லர்.

மருந்தை மறுப்பதே பொறுப்பான செயல் என்று இதனால் கொள்ளலாகாது. 1978இல் உலகெங்கும் தலைகாட்டிய பார்வோ நோயை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் வைரஸ். வைரஸுக்கு நுண்ணுயிர்க்கொல்லி உதவாது. எனினும் அந்த வைரஸ் குடலின் உட்சுவரை அரித்து, வெள்ளணுக்களையும் குறைத்துவிடுவதால், குடற்கிருமிகள் இரத்தத்தில் புகுந்து குட்டியைக் கொல்லக்கூடும். ஆகவே கடுமையாக நோயுற்ற குட்டிக்கு அம்மருந்து அவசியமாகிறது. உண்ணியினால் பரவும் எர்லிக்கியா நோய் மற்றோர் உதாரணம். 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய் நம் நாட்டில் சர்வ சாதாரணம். வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும் இதன் கிருமிக்கு டாக்ஸிஸைக்ளினை நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வடியும் நாயை, மருந்து கூடாதென்ற கொள்கையால் காத்திருக்க வைப்பவர் அதன் உயிரோடு விளையாடுகிறார். பார்வோவுக்குத் தடுப்பூசியும் உண்ணிக்கு ஒழிப்பு மருந்தும் இருப்பதால், அத்தேவை வராமலே காத்துக்கொள்ளவும் இயலும்.

பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பது கிருமிகளை எதிர்ப்புக்குப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. எடைக்கருவியில் நாய் நிற்காவிடில், அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி நின்று, பின்னர் தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். கண்மதிப்பில் பத்துக் கிலோ என்ற நாய் பதினைந்து இருப்பது அபூர்வமன்று. நாட்களின் கணக்கு வேறு. அட்டையில் உள்ளதை எல்லாம் தீர்த்தே ஆக வேண்டுமென்று நாம் பல காலமாகக் கற்பித்து வந்திருக்கிறோம். இப்போதோ, நாய்க்கு எப்போதாவது வரும் சிறுநீர்ப்பை அழற்சிக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்று 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் கூறுகிறது. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளும் குடற்கிருமிகளைச் சலித்தெடுக்கும் நாளே. நிறுத்த வேண்டிய நாளை வைத்தியரிடமே கேட்டறிக. மருந்தின் அளவுகளை இங்கே வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. பத்திரிகையைப் பார்த்து மருந்து கொடுப்பதும் மேற்கூறிய பழக்கத்தைச் சேர்ந்ததே.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத இம்மருந்துகளின் அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு ஒன்றிருக்கும். ஆசிரியர்கள் வெற்று அட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து மாணவர்களுக்குக் காட்டலாம். செஃப்ட்ரியாக்ஸோன் முதலிய சில மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் அடங்கியுள்ளன. அவற்றை விற்கும் கடைக்காரர் சீட்டு எழுதியவர் பெயரையும், நோயாளி பெயரையும், மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். மனிதரின் கடும் நோய்களுக்கென ஒதுக்கிவைக்க வேண்டிய அத்தகைய ஊசியைச் சாதாரண இருமலுக்கு நாயின் உடலில் ஏற்றுவது எவ்வகையிலும் பொருந்தாது.

களப் பணியாளர்களிடம் நாய் கொண்டுவரப்படும்போது எடை, போட்ட தடுப்பூசிகள், உண்ணி இருந்ததா என்பது, கடந்த மூன்று மாதங்களில் கொடுத்த மருந்துகளின் பெயர், அவற்றைக் கொடுத்த நாட்கள் ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்து நாயோடு அனுப்பினால் பேருதவியாகும். வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்த மாத்திரையைப் பலர் மருந்தாகவே எண்ணாமையால், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். முன்பு கொடுத்து பயனளிக்காத மருந்து எதுவென்று தெரிந்தால், அதையே மறுபடியும் எழுதாமல், புண்ணின் சீழைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வைத்தியர் முடிவு செய்யலாம். சோதனைக்கான சீழை, புதிய மருந்தின் முதல் வேளைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.