பனிமலையில் ஒரு மனை

கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 6,100 அடி உயர்ந்த நுவரெலியாவில், தை மாசி இரவுகளிற் புல்லின்மேற் பனி உறைவதுண்டு. அக்குளிரில் லயத்துக் காம்பராவைக் காத்தது சுவரன்று, அடுப்பே. ஒரே அறையிற் சமையலும் துயிலும் நிகழ்ந்தமையால், வெம்மையோடு புகையும் குழந்தையின் நெஞ்சிற் புகுந்தது.

இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அத்தகைய தனிவீடு வாய்க்குங்கால், வண்ணத்தில் மயங்காது முதலிற் கூரையை அண்ணாந்து நோக்குக. தகரம் இரவிற் குளிரும். உள்ளெழும் நீராவி அதன் அடியிற் பட்டுச் சொட்டும். ஆதலின் உட்கூரை வேண்டும். ஆலையிற் செய்து கொணர்ந்து பொருத்தும் வீடாயினும் கல்வீடாயினும் சோதனை ஒன்றே. அடுப்படிக்குப் புகைபோக்கியும் வேண்டும். அதனை வீண்செலவென்பார், ஈரவிறகின் முன் ஒரு பொழுது இருந்து பார்க்கட்டும்! பின்புற மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையே வடிகான் உளதா என்பதையும் காண்க.