கோலார்ப் பொற்சுரங்கமும் பொதுமக்கள் முதலும்

கிருட்டிணகிரி மாவட்டத்தின் வடபால், தமிழகமும் ஆந்திரமும் கருநாடகமும் எல்லை கூடும் நிலப்பகுதியில், தொன்மையான பாறைநிரல் ஒன்று தெற்கு வடக்காக ஓடுகின்றது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடைய இதனைக் கோலார்ப் பாறைநிரல் என நிலநூலார் வழங்குவர். கோலார்த் தங்கவயல் இதன்மேல் அமைந்தது. தெற்கே பிசானத்தம், சிகர்குண்டா ஆகிய ஊர்களைக் கடந்து, கிருட்டிணகிரி நாட்டில் இந்நிரல் ஓய்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குப் பொன் அகழப் பொதுமக்களிடம் முதல் திரட்டப்பெற்ற முறை யாது, அம்முதல் யாருக்கு என்ன பயன் தந்தது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களிலிருந்து தொடங்குவாம். 'முதல்' என்பது தொடக்கம், வேர், காரணம் என்னும் பொருள்களோடு வாணிகத்தில் இட்ட பொருளையும் குறிக்கும். இவ்வாணிகப் பொருள் பழமையானது. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் 'முதல்', 'ஊதியம்' என்னும் இரு சொற்களும் இப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளன. ஆண்டு ஊதியம் என்பது வினையால் வரும் பேறு. இக்காலத்திலோ அச்சொல் வேலைக்குப் பெறும் கூலியைக் குறிக்கின்றது. 'சுரங்கம்' என்பது கிரேக்கச் சொல்லொன்று வடமொழி வழியாக வந்து வழங்குவது என்பர். இச்சொற்களின் பொருள் வேறுபாடுகள் பின்னர் நமக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டில் பலர் பொருளை ஒரு வினைக்கு முதலாக்கும் வழக்கம் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களில், கோயிலுக்கு வைத்த பொன்னை ஊர்ச்சபையார் பெற்று, அதன் பொலிசையைக் கொண்டு விளக்கெரித்தலும் அமுது படைத்தலும் காண்கின்றோம். விளக்கிற்கென விட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தனர். ஆடு இறப்பினும் மந்தை குறையாது நிற்கவேண்டும் என்பது கருத்து. முதல் அழியாது நிற்க, அதன் விளைவு மட்டுமே நுகரப்படுதல் அவ்வறத்தின் அடிப்படை. சுரங்கத்திலிட்ட முதல் இதற்கு நேர்மாறானது. வெட்டிய தாது மீண்டும் விளையாது. அகழ அகழச் சுரங்கம் தேயும்; முதலும் உடன் தேயும். ஒரு பவுன் பங்கிற்கு ஆண்டுதோறும் 2 சில்லிங்கு ஈவு தந்து, பத்தாண்டில் வற்றிவிட்ட சுரங்கம் ஒன்றைக் கொள்வோம். பங்காளன் பெற்றது 20 சில்லிங்கு, அஃதாவது தான் இட்ட ஒரு பவுனே. நூற்றுக்குப் பத்து என வந்த ஈவு முழுவதும் அவன் முதல் திரும்பிய வகையே அன்றி ஊதியம் அன்று. இதனை உணராதார் ஈவைக் கண்டு மயங்கினர்.

ஆழமான சுரங்கத்திற்குப் பெரும்பொருள் வேண்டும். நிலத்தினுள் நேரே இறங்கும் குழியைத் தோண்டுதல், அதிலிருந்து பக்கவாட்டில் வழிகள் அறுத்தல், நீரிறைத்தல், கல்லை நொறுக்கும் ஆலை நிறுவுதல் ஆகிய இவையெல்லாம் ஒரு குன்றிமணிப் பொன்னும் கிடைப்பதற்கு முன்னரே செய்யவேண்டியவை. முன்னாளில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கப் பங்காளிகள் குறித்த காலத்திற்கொருமுறை கூடிக் கணக்குப் பார்ப்பர்; மிச்சமிருப்பின் பகிர்ந்துகொள்வர்; குறையிருப்பின் மேலும் பொருள் இடுவர். 1855-ஆம் ஆண்டின் சட்டம், பங்காளியின் பொறுப்பு அவன் பங்குத்தொகையளவே என வரையறுத்தது. 1862-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. அதன்பின், சுரங்கத்தைக் கண்ணாற் காணாத சிறுமுதலாளரும் பங்கு வாங்கத் துணிந்தனர். அவர்க்குக் கிடைத்த சான்று கம்பெனியின் அறிவிப்புத் தாளும் அதனுட் காணும் வல்லுநர் அறிக்கையுமே.

இம்முறையின் தீங்கு தென்னாட்டில் முதற்கண் வெளிப்பட்டது வயநாட்டுப் பகுதியிலாகும். ஆத்திரேலியாவின் விக்டோரியா நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரவு சிமித்து என்பார், 1880-ஆம் ஆண்டில் தென்கீழ் வயநாட்டுப் பொற்பாறைகளைப் பற்றி நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். உடனே இலண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவை அறிவித்த முதல் நாற்பது இலட்சம் பவுனுக்கு மிகும். தேவாலாவும் பந்தலூரும் திடீர் நகரங்களாயின. திரண்ட பொருளில் பெரும்பகுதி, காப்பித் தோட்டங்களாயிருந்த நிலத்தை மிகுவிலைக்கு வாங்குவதில் சென்றது. பாறையை நொறுக்கியபொழுது, சோதித்த கற்கள் காட்டிய அளவிற்குப் பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கலைந்தன. நிலம் விற்றவர் பொருள் பெற்றனர். பங்கு வாங்கியவர் இழந்தனர்.

கோலாரின் வரலாறும் ஏறக்குறைய இவ்வழியே சென்றது. திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் 1802-இல் மைசூர் எல்லையை அளந்த வாரன் என்னும் படைத்தலைவர், ஊரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களில் மக்கள் மண்ணை அரித்தும் குழியில் இறங்கியும் பொன் எடுத்ததைக் கண்டு எழுதினார். அக்குறிப்பைப் பல்லாண்டு கழித்துப் படித்த மைக்கேல் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர், 1875-இல் மைசூர் அரசிடம் அகழும் உரிமை பெற்றார். தம் கைப்பொருளால் வினை முற்றாது எனக் கண்டு, அவர் உரிமையைப் பிறர்க்கு மாற்றினார். பெற்றவர் நிலத்தைப் பகுதி பகுதியாகக் கம்பெனிகளுக்கு விற்றனர். 1880-இல் மைசூர்ப் பொற்சுரங்கக் கம்பெனி தோன்றியது. சுரங்க நிருவாகத்தில் பேர்பெற்ற ஜான் டெய்லர் குழுவினர் அதனை மேற்கொண்டனர்.

1883-இல் கம்பெனியின் பொருள் ஏறத்தாழத் தீர்ந்தது. வினையைக் கைவிடுவதா, எஞ்சியதையும் இடுவதா என்பது பங்காளர்முன் நின்ற வினா. அவர்கள் தொடர உடன்பட்டனர். பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர், பழங்காலத்தார் தோண்டிக் கைவிட்ட குழிகளின் அடியைத் தொடர்ந்து சென்று, சாம்பியன் எனப் பின்னர்ப் பெயர்பெற்ற வளமிக்க பொற்பாறையைக் கண்டார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வல்லுநர் அறிக்கை காட்டாத வழியை, பெயரறியாத பழைய அகழ்வாரின் குழிகள் காட்டின. அவர்தம் உழைப்பும் இச்சுரங்கத்தின் முதலேயாம். ஆயினும் எந்தப் பங்கேட்டிலும் அது பதியப்பெறவில்லை.

இதன்பின் அரசின் முதலும் சேர்ந்தது. மைசூர் அரசு எடுத்த பொன்னுக்கு நூற்றுக்கு ஐந்து உரிமைத்தொகை பெற்றுவந்தது. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு இருப்புப்பாதைக் கிளை அமைந்தது. திவான் சேசாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற சிவசமுத்திர மின்னாக்கத் திட்டம் 1902-இல் நிறைவேறி, காவிரியின் ஆற்றல் ஏறத்தாழ 92 மைல் கடந்து சுரங்கத்தை அடைந்தது. மின்னாற்றலை வாங்கச் சுரங்கக் கம்பெனிகள் முன்னரே உடன்படிக்கை செய்திருந்தமையால், அரசு துணிந்து பொருளிட்டது. அத்திட்டம் பின்னர் மைசூர், பெங்களூர் நகரங்களுக்கும் ஒளி தந்தது. சுரங்கம் வற்றினும் வற்றாத முதல் இதுவொன்றே எனலாம்.

பொருளிட்டார் ஒருபுறமிருக்க, உடலை இட்டார் யாவர்? வடார்க்காட்டிலிருந்தும், தருமபுரியும் கிருட்டிணகிரியும் அடங்கியிருந்த அந்நாளைச் சேலம் மாவட்டத்திலிருந்தும் தமிழர் பெருவாரியாகச் சென்றனர். அவருட் பெரும்பாலார் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். சித்தூர்ப் பகுதித் தெலுங்கரும் உடனிருந்தனர். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெம்மை 60 பாகை செல்சியசைக் கடந்தது. அழுத்தம் தாங்காது பாறை வெடித்தலும், கற்றூளால் நுரையீரல் கெடுதலும் அங்குத் தொழிலின் பகுதியாயின. 1930-இல், கைவிரற் பதிவு கொண்டு தம்மைப் பதியும் முறையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பங்காளனின் பொறுப்பிற்குச் சட்டம் வரம்பு கட்டியது. குழியில் இறங்குவோன் ஏற்ற இடருக்கோ வரம்பில்லை.

விடுதலைக்குப்பின் 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் நடுவணரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972-இல் பாரத் பொற்சுரங்க நிறுவனம் அமைந்தது. இப்பொழுது 'பொதுமக்கள் முதல்' என்பதன் பொருள் மாறியது. பங்கு வாங்கிய சிலர் பொருளன்றி, வரி கொடுத்த யாவர் பொருளும் முதலாயிற்று. ஆயின் எடுத்த பொன்னைப் பல்லாண்டுகள் உள்நாட்டுச் சந்தை விலையினும் மிகக் குறைந்த பன்னாட்டு முறைவிலைக்கே அரசுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆகவே கணக்கேட்டில் கண்ட நட்டத்தின் ஒரு பகுதி, விலை குறித்த முறையால் விளைந்ததாகும். தாதின் வளம் குன்றியதும் ஆழத்தின் செலவு மிகுந்ததும் பிற காரணங்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பெற்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுத்த பொன் 800 டன் அளவினது என்பர்.

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். வயநாட்டையும் கோலாரையும் வேறுபடுத்தியது முதல் திரட்டிய முறையன்று. இரண்டிடத்தும் முறை ஒன்றே. திரண்ட பொருள் நிலவிலையிற் சென்றதா, குழியிற் சென்றதா என்பதும், பாறையின் உண்மை வளமுமே வேறுபடுத்தின. தேயும் முதலுக்கு வரும் ஈவில் ஒரு பகுதியை, அது தீர்ந்தபின் அவ்வூரில் வாழ்வார்க்கென ஒதுக்குதல் முறை. கல்வெட்டுக் காலத்தார் ஒரு விளக்கு அவியாதிருத்தற்கு மந்தை முழுவதையும் காத்தனர். தங்கவயலில் அத்தகைய மந்தை விடப்பெறவில்லை. மூடிய பின் அவ்வூர் மக்கள் நாடோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை நாடிச் செல்லலாயினர்.

'ஊதியம்' என்னும் சொல் பண்டு முதலிட்டானுக்கு வரும் பேற்றைக் குறித்து, இன்று உழைத்தான் பெறும் கூலியைக் குறிக்கின்றது. கோலாரில் இவ்விரண்டும் ஒரே குழியிலிருந்து பிறந்தன. முன்னதன் கணக்கு இலண்டன் கம்பெனிகளின் ஏடுகளில் ஆண்டுதோறும் எழுதப்பெற்றது. பின்னதன் கணக்கு, அங்குச் சென்று வாழ்ந்த தமிழரின் குடும்ப நினைவுகளிலும் வழக்குச் சொற்களிலும் தங்கியுள்ளது. ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகளில் அத்தலைமுறையினர் மறைவதற்குள், சுரங்கத் தொழிற்சொற்களையும் வாய்மொழி வரலாறுகளையும் தொகுத்தல் தமிழாய்வு மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.